தைல இலைக் குச்சு

குழுவில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். காலை வணக்கப் பூக்களையும் முருகன் படங்களையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். நான் சொல்லப்போவது நீளமானது. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்தில் அது தெரிந்தால் தெரியட்டும். அறுபதைத் தாண்டியவள் யாருக்காக நயமாகப் பேச வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை கனடாவிலிருந்து ஒரு பெண் நம் குழுவில் ஒரு கேள்வி கேட்டாள். நம்மோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் மகள். அவள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. கேட்க அம்மா இல்லை, அதனால் நம்மிடம் வந்தாள். பதினொரு வயது மகள் பெரியவளாகிவிட்டாள். பதினாறு நாள் வெளியே குச்சுக் குடிசையில் வைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நிற்கிறார். குழுவின் உச்சியில் ‘பின்’ செய்து வைத்திருக்கும் ‘நமது சடங்கு முறைகள்’ பட்டியலை எடுத்துக் காட்டுகிறார். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டை ஒட்டாமல் தனியே இருக்கும் கார் கொட்டகையில் ஒரு கூடாரம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அது போதுமா? தைல இலை, அதுதான் யூகலிப்டஸ், பூக்கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது, எத்தனை கட்டு வேண்டும்? இவ்வளவுதான் அவள் கேட்டது.

பதில்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘போதும் கண்ணு.’ ‘சின்ன ஹீட்டர் ஒண்ணு வச்சுக்கோ.’ ‘வெளிநாட்டுக்குப் போயும் பண்பாட்டை மறக்காத பிள்ளை, பெருமையா இருக்கு.’ கும்பிடும் கைகள், ரோஜாப்பூ, இதயம். நம் அட்மின் மட்டும் ரத்தினச் சுருக்கமாக, ‘ஏழாவது விதியைப் பார்க்கவும்’ என்று போட்டார்.

பார்த்தேன். ‘பெரியவளான பெண்ணுக்குக் குச்சு வீட்டுக்கு வெளியே அமைய வேண்டும். பச்சைத் தைல இலையால் வேய வேண்டும். இது சிலோனிலிருந்து வந்த நம் மக்களுக்கே உரிய மரபு.’

மரபாம்! அந்த மரபு பிறந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அதற்கு முந்தின நாள் வரை உலகத்தில் எங்கேயும் அப்படி ஒன்று கிடையாது. அட்மின் அதை எங்கிருந்து எடுத்தார் என்றும் எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான் எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன், குழு ஆரம்பித்த புதிதில், ஆளாளுக்குப் பழைய கதை எழுதிக்கொண்டிருந்தோமே, அப்போது நானும் ஒன்று எழுதினேன். மழை, தைல வாசம், அக்காவின் பச்சைக் குச்சு, இலை சுமந்த கதை. எல்லோரும் இதயம் போட்டீர்கள். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. அன்று பாதியைத்தான் எழுதினேன். மீதியை எழுதாமல் விட்டது என் தப்பு. அந்தப் பாதியை எடுத்து விதியாக்கியது உங்கள் தப்பு. இப்போது ஒரு குழந்தை கார் கொட்டகையில் படுக்கப் போகிறது.

மீதியைச் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. நாங்கள் கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, மஞ்சூருக்கு அப்பால் இருக்கும் எஸ்டேட்டில் வேலை கிடைத்து ஏறிவந்தது முந்தின மார்கழியில். ஆடி பிறந்தது. குந்தாப் பக்கத்து ஆடி மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். துவைத்த துணி எட்டு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகள் புகை நாற்றத்தோடு தொங்கும். தீப்பெட்டி நமுத்துவிடும் என்று அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பாள்.

அங்கிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு மேசைக் கடிகாரம் இருந்தது. முகாமில் யாரோ எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஆறு தகரக் குவளைகள். நாம் அதைப் பேணி என்போம். மஞ்சூர் கடையில் பேணி என்று சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். முடியாது என்பதை ‘ஏலாது’ என்று சொன்னால் பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்துப் படுகர் ஊரான ஹட்டியில் படுகு பேசிக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்தில் கோயமுத்தூர்த் தமிழ் பேசினார்கள். எங்களுக்கு மட்டும் ‘சிலோன்காரங்க’ என்று ஒரு பெயர் இருந்தது. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், இங்கே வந்ததும் சிலோன்காரர்கள்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. என் மகனுக்கு இப்போது முப்பத்தெட்டு, அவனை நான் இன்னும் குழந்தை மாதிரி அதட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா அப்பாவைவிட ஆறு வயது சின்னவள். அவர்களே இரண்டு சிறுசுகள், இரண்டு பெண் பிள்ளைகளோடு, ஒருவரையும் தெரியாத மலையில் வந்து நின்றார்கள். இது எப்படி, அது எப்படி என்று கேட்க அவர்களுக்கு ஒருவர்கூட இல்லை.

அக்கா படிப்பில் கெட்டிக்காரி. எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒரு பரீட்சைக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதில் தேறினால் ஊட்டியில் விடுதியோடு படிக்கலாம், பள்ளி இறுதிவரை ஒரு பைசா வேண்டாம். டீச்சரம்மா தன்னுடைய பழைய அட்லஸை அவளுக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதில் சிலோனையும் நீலகிரியையும் விரலால் அளந்து காட்டுவாள். ‘இம்புட்டுத்தான் தூரம், பாரு’ என்பாள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் பெரியவளானாள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே, சிலோன் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில், பெரியவளான பெண்ணை வீட்டு மூலையில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி உட்கார வைப்பார்கள். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்கள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொண்டுவருவார்கள். சில நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புதுத்துணி கட்டினால் முடிந்தது. அம்மாவும் அன்றைக்கு அப்படித்தான் ஒரு நீலச் சேலையை மறைப்பாகக் கட்டினாள். உள்ளே அக்கா அட்லஸோடு உட்கார்ந்துகொண்டாள். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு தலைநகரங்களைக் கேட்டேன், அவள் பதில் சொன்னாள்.

மறுநாள் மாமா வந்தார். அம்மாவுக்கு உடன்பிறந்தவர். அவர் சிலோனுக்கே போகாமல் திருச்சிப் பக்கத்து ஊரில் தங்கிவிட்டவர். தந்தி கிடைத்ததும் புடவையும் வளையலும் சீராக எடுத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி, நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்று நீல மறைப்பைப் பார்த்தார்.

“ஏன் மச்சான், வீட்டுக்குள்ளயா உக்கார வச்சிருக்கீங்க? சாமி படம் இருக்கற எடத்துல?”

“அங்கிட்டு நாங்க மறைப்புக் கட்டித்தான் உக்கார வைப்பம். லயத்துல வேற எடம் ஏது மச்சான்?” என்றார் அப்பா.

“அங்கிட்டு அங்கிட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கன்னா இங்கிட்டு ஒருத்தன் பொண்ணு எடுக்க மாட்டான். சிலோன்காரங்களுக்கு மொற தெரியாதுன்னு ஊருல ஏற்கெனவே பேசிக்கிறாங்க. எம் மொகத்துல கரியப் பூசாதீங்க. வெளியில குச்சுக் கட்டணும், தாய்மாமன் நான் கட்டுறேன். பதினாறு நாளு.”

அப்பாவின் முகம் அன்றைக்குப் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டும், இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே மனிதர் எதிரே நிற்கிறார். ‘செய்யிறதெல்லாம் முறைப்படி செஞ்சுருவம்’ என்று தலையாட்டினார்.

குச்சுக்குத் தென்னை ஓலை வேண்டும். மாமா ஓலை கொண்டுவரவில்லை. மலையில் தென்னை இருக்கும் என்று நினைத்திருந்தார்! அந்த எஸ்டேட்டில் தேயிலையை விட்டால் ஃபாக்டரி அடுப்புக்காக வளர்த்த தைல மரம்தான். அப்பா தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். மாமா சற்று யோசித்து, “பச்சையா இருந்தாச் சரிதான்” என்றார். அட்மின் அவர்களே, உங்கள் ஏழாவது விதியின் மூலம் இதுதான். மலையைப் பார்த்திராத ஒரு மனிதர், நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்ன வார்த்தை.

அப்பாவும் நானும் கிளை வெட்டிக்கொண்டுவந்தோம். முன்பு நான் எழுதியது இந்த இடத்தைத்தான். மூக்கைத் துளைக்கும் வாசம், கண்ணில் நீர், தலையில் இலைக்கட்டு, பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்த லயத்துப் பிள்ளைகள். உங்களில் இரண்டு பேர் அதில் உண்டு. எனக்கு அது திருவிழா. லயத்தின் கடைசியில், தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டுக் குச்சுக் கட்டினார்கள். தைல இலை ஒடுக்கமானது, வழவழப்பானது. அதன்மேல் விழும் தண்ணீர் நிற்காது, நுனி வழியாக நேரே உள்ளே இறங்கும். முதல் நாள் சாயங்காலமே தரையில் போட்ட சாக்கு ஊறிவிட்டது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அக்காவை உட்கார வைத்தார்கள்.

யாரும் தொடக் கூடாது. சாப்பாட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட வேண்டும். சின்னப் பெண் என்பதால் என்னைப் பக்கத்தில் போக விட்டார்கள், ஆனால் கை பட்டால் பீலியில் நின்று தலை முழுக வேண்டும். அந்தத் தண்ணீரை நினைத்தாலே எனக்குப் பல் கூசும். அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அட்லஸை வயிற்றோடு மறைத்து வைத்துப் படித்தாள். நாலாவது நாள் அதன் பக்கங்கள் ஊறி உப்பிப் போயிருந்தன. அந்த அட்லஸ் அப்புறம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது நாள் இருமல் வந்தது. அம்மா அப்பாவிடம், “உள்ளுக்குக் கூட்டியாந்துருவமா?” என்று கேட்டாள். மாமாதான் பதில் சொன்னார். “குளிர்காத்து பட்டா இருமாமயா இருக்கும்? பாதியில நிறுத்துனா தோஷம். அதுக்கப்புறம் என்னயக் கேக்காதீங்க.” அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நாள் பென்சில் உருண்டு வெளியே வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் விரல் என் கையில் பட்டது. சோற்றுப் பானையைத் தொட்டதுபோலச் சுட்டது.

“அக்கா, கை சுடுது.”

“சத்தம் போடாத. சொன்னா ஒன்னயத் தண்ணியில முக்கிருவாங்க.”

நான் சொல்லவில்லை. தலை முழுகப் பயந்துகொண்டு, அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள். தெரியும். அவளுக்குக் காய்ச்சல் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எட்டாவது நாள் டீச்சரம்மா குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மறுநாள் பரீட்சை.

“ஏனுங்க, நாளைக்குக் காலைல பரிச்சைங்க. புள்ளைய நானே ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயி, நானே கொண்டாந்து ஊட்டுல உட்டர்றனுங்க” என்றார் அப்பாவிடம்.

மாமா முன்னால் வந்தார். “டீச்சர், இது எங்க குடும்பத்துச் சடங்கு. பரிச்சை அடுத்த வருஷமும் வரும்.”

“அடுத்த வருசம் வயசு தாண்டிருமுங்க. இந்தப் பரிச்சை ஒருக்காத்தானுங்க.”

நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். “டீச்சர், அக்கா கை சுடுது.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் குடையை மடக்கிப் போட்டுவிட்டுக் குனிந்து குச்சுக்குள் நுழைந்தார். “கண்ணு, கண்ணு” என்று இரண்டு முறை கூப்பிட்டது கேட்டது. வெளியே வந்து நேரே அப்பா முன்னால் நின்றார்.

“ஏனுங்க, பெத்தவங்கதானுங்க நீங்க? புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. பேச்சு மூச்சக் காணோம். இத்தன பேரு இருக்கறீங்க, ஒருத்தராச்சும் தொட்டுப் பாத்தீங்களாங்க?”

எப்படித் தொட்டுப் பார்ப்பார்கள்? தொடாமல் இருப்பதுதானே சடங்கு. பெற்ற தாய் இரண்டடி தள்ளி நின்று சோறு வைத்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் கை வைக்கவில்லை. மாமா அப்போதும் தீட்டு என்று என்னவோ ஆரம்பித்தார். “வாய மூடுங்க மச்சான்” என்று கத்திவிட்டு அப்பா உள்ளே போய் அக்காவைத் தூக்கினார். எட்டு நாள் தாமதமாகக் கத்தினார். கொழுந்து லாரியில் ஏற்றி, கம்பளியில் சுற்றி, அப்பாவும் டீச்சரம்மாவும் அவளை ஊட்டிக்குக் கொண்டுபோனார்கள். லாரி வளைவு திரும்பும்வரை அம்மா மழையில் நின்றாள்.

உயிர் பிழைத்தாள். நிமோனியா. ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி அது அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஐப்பசியில் திரும்பி வந்தபோது லயத்துக்கு மேலே ஏறும் பத்துப் படியில் மூன்று முறை உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் இரண்டு மைல் ஏற்றம், அது முடிந்தது. பரீட்சை முடிந்தது. கொழுந்து பறிக்கவும் ஏலாது, நாற்றங்காலில் செடிக்கு மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். முறைப்படி செய்தால் பெண் எடுப்பார்கள் என்று சொன்ன மாமா பிற்பாடு ஒரு கார்டு போட்டார். ‘இருமுகிற பெண்ணை யாரிடம் போய்ச் சொல்வது’ என்று கேட்டிருந்தார். அப்பா அதை அடுப்பில் போட்டார். அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அதற்குமேல் என்னால் போக முடியவில்லை.

என் முறை ஐந்து வருடம் கழித்து வந்தது. அக்கா எழுதாமல் போன அதே ஊட்டிப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். “ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. பரிச்சைய எழுதி முடி” என்றாள். என் துணியைத் தன் துணியோடு சேர்த்துத் துவைத்தாள். மூன்று மாதம் அம்மாவுக்கே தெரியாது. நான் ஊட்டி விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கேயே வயதுக்கு வந்துவிட்டாள், அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அக்காவே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு இன்றுவரை சடங்கு நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன், கல்யாணம் நடந்தது, பிள்ளை பெற்றேன். அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்து வந்தேன்.

இந்தக் குழுவால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. கேத்தியிலும் துபாயிலும் பெங்களூரிலும் கிடந்த நம்மை இதுதான் சேர்த்தது. ஆபத்துக்கு ரத்தம் கிடைத்தது, வரன் கிடைத்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அன்றைக்கு அப்பா அம்மாவுக்குக் கேட்க ஆளில்லை, வாய்த்தவர் மாமா. இன்றைக்கு அந்தக் கனடாப் பெண்ணுக்குக் கேட்க ஆளில்லை, வாய்த்தது நாம். நூற்று அறுபது பேர் இருக்கிறோம். ஒருவராவது ‘எனக்குத் தெரியாதம்மா’ என்று எழுதினீர்களா? உங்கள் பேத்திகளை எந்தக் குச்சில் வைத்தீர்கள்? மண்டபம் பிடித்து, ஏசி போட்டு, ஒரு நாளில் முடித்தீர்கள், படம் என்னிடம் இருக்கிறது. ஊரான் பிள்ளைக்கு மட்டும் பதினாறு நாள்!

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஜெகதளாவில் என்னோடுதான் இருக்கிறாள். இந்தக் குழுவிலும் இருக்கிறாள், படம் இல்லாத எண் ஒன்று உண்டே, அதுதான். எல்லாவற்றையும் படிப்பாள், இதுவரை ஒரு வார்த்தை போட்டதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “இம்புட்டையும் யாரு படிப்பா? போனைக் குடு” என்றாள். வாய்க்குக் கிட்டே வைத்து, அந்தப் பெண்ணுக்காகப் பேசி, குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டாள். “புள்ள, அம்மா இல்லைன்னு தெகைக்காத. எலையும் வேணாம், கொட்டாயும் வேணாம். மகள ஒம் பக்கத்துல படுக்கப் போடு. அடிக்கடி நெத்தியத் தொட்டுப் பாத்துக்க.”

அந்தப் பெண் எனக்குத் தனியே எழுதினாள். ‘கேட்டேன் பெரியம்மா. கூடாரத்தைப் பிரிச்சாச்சு. அவ என் கட்டில்லதான் தூங்கறா. அத்தை என்கிட்ட பேசறதில்ல, பரவால்ல.’

நம் குழுவில் மட்டும் இன்னும் ஏழாவது விதி அப்படியே இருக்கிறது. அதை எடுக்கும்வரை தினமும் எழுதுவேன். அக்கா பேசியதற்குக் கீழே அட்மின், ‘அந்த வாய்ஸ் மெசேஜ் சரியாக இல்லை. ஆரம்பத்திலும் வார்த்தைக்கு வார்த்தை நடுவிலும் ஒரே இரைச்சல். சிக்னல் உள்ள இடத்திலிருந்து மறுபடி அனுப்பவும்’ என்று போட்டிருக்கிறார்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்த இரைச்சல் என் அக்கா மூச்சு விடும் சத்தம்.